பட்டியலில் எங்கள் கதை எங்கே?

ஹெவ்லொக் டவுனில் நான் குடியிருக்கும் அனெக்ஸ் இரண்டே அறைகள் கொண்டது. மாதம் ஒரு தடவை வன்னியிலிருந்து என் சின்னம்மா மகரகமைக்குக் கிளினிக் வருவார். வந்தால் இரண்டு மூன்று நாட்கள் என்னோடு தங்கிப் போவார். சென்ற தடவை வந்தபோது மேசையில் கிடந்த தடித்த புத்தகமொன்றை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, சீமெந்துக் கல்லு மாதிரிக் கனக்குது?"

டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியது அது. அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னேன்: 'சாவதற்கு முன் நீங்கள் வாசிக்க வேண்டிய 1001 சித்திரக் கதைகள்'.

சின்னம்மா சிரித்தார். "சாவுக்குக் கிட்டப் போய் வந்த எங்கட கதை ஒண்டாவது அதுக்குள்ள இருக்கோ எண்டு பார்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிப் போனபோது அறிந்தவற்றைத்தான் சகோதரிகளாகிய உங்களோடு இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

இரும்புக்கை மாயாவியிலிருந்து

சித்திரக் கதை எங்களுக்குப் புதியதல்ல. எங்கள் தலைமுறையில் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து இரும்புக்கை மாயாவியை வாசிக்காதவர்கள் குறைவு. சிவகாசியிலிருந்து 1972 இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் நாயகன் அவர்தான். 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. தமிழில் பேசிய அந்த மாயாவி உண்மையில் இங்கிலாந்துக்காரர் என்பதும், 1962 இல் அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்தவர் என்பதும் பின்னர்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

எங்கள் மண்ணுக்கும் இதில் சொந்தச் சொத்து உண்டு. 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் யாழ்ப்பாணத்து மனிதர்களாகவே நடமாடினார்கள். சிங்களத்தில் 1951 இல் ஜி. எஸ். பெர்னாண்டோ 'லங்காதீப' பத்திரிகையில் 'நீலா' என்ற சித்திரக் கதையைத் தொடங்கினார். சிங்களச் சித்திரக் கதையின் தொடக்கமாக அதையே குறிப்பிடுவார்கள்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்றே நாங்கள் வளர்ந்தோம். படம் போட்ட கதை சின்னப் பிள்ளைகளுக்கு, எழுத்து மட்டும் உள்ள கதை பெரியவர்களுக்கு என்பது எங்கள் எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியவைதான் இப்போது 'கிராபிக் நாவல்' என்று அழைக்கப்படும் புத்தகங்கள். ஒரு முழு வாழ்க்கையை, ஒரு போரை, ஒரு நோயை, ஒரு குடும்பத்தின் இரகசியத்தைக் கட்டம் கட்டமாகப் படத்திலும் சொல்லிலும் சொல்லும் நூல்கள் அவை. வில் ஐஸ்னர் என்ற அமெரிக்க ஓவியர் ஏழைகள் நிறைந்த ஒரு குடியிருப்பின் கதைகளை 1978 இல் நூலாக்கியபோது அட்டையில் இந்தப் பெயரைப் போட்டார். பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

இந்த நூல்கள் பெருகியதும் அவற்றைப் பற்றிய உசாத்துணை நூல்களும் வந்தன. ரொஜர் சபின் 1996 இல் வரலாறொன்றை எழுதினார். போல் கிறவெற் 2005 இல் முப்பதுக்கும் மேற்பட்ட சிறந்த நூல்களை அறிமுகம் செய்தார். சின்னம்மா தூக்கிப் பார்த்த அந்த 1001 நூலும் 2011 இல் அவர் தொகுத்ததே. ஆண்டு வரிசையில் போகும் அந்த நூல், ஒவ்வொரு கதைக்கும் யார் எழுதியது, யார் வரைந்தது, எந்த நாடு, எப்போது வந்தது என்று விபரம் தருகிறது. கதை எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புபவர்களுக்கு ஸ்கொட் மக்கிளவுட் 1993 இல் எழுதிய நூல் உண்டு. சித்திரக் கதையைப் பற்றிய அந்த நூலே ஒரு சித்திரக் கதையாக வரையப்பட்டிருப்பது அதன் சிறப்பு.

வரலாற்றின் தொடக்கத்தைப் பல நூல்கள் சுவிற்சர்லாந்தில் வைக்கின்றன. ஜெனீவா நகரில் பள்ளி ஆசிரியராயிருந்த ரொடோல்ப் தொப்பெர் 1830களில் தம் படக் கதைகளை அச்சிட்டார். ஆனால் திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை 17 ஆம் நூற்றாண்டிலேயே காட்சி காட்சியாகத் தீட்டப்பட்டிருக்கிறது, அதுவும் தமிழ் விளக்க வரிகளோடு. பட்டியலை யார் எங்கிருந்து போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே தொடக்கமும் அமைகிறது.

பெண்கள் எங்கே?

இந்தப் பட்டியல்களில் பெண்களின் நிலையையும் பார்ப்போம்.

அமெரிக்காவில் திரினா ரொபின்ஸ் என்ற பெண் ஓவியர் இருந்தார். 1970 இல் முழுக்க முழுக்கப் பெண்களே வரைந்த முதலாவது சித்திரக் கதை இதழைக் கொண்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர். சித்திரக் கதை வரலாறுகளில் பெண்கள் பெரும்பாலும் விடுபட்டிருப்பதைக் கண்டு, அவர்களைத் தேடி எடுத்துத் தாமே வரலாறுகள் எழுதினார். 1985 இல் ஒன்று, 1993 இல் ஒன்று, 2013 இல் இன்னொன்று என்று அந்த வேலை தொடர்ந்தது. 2024 இல் அவர் காலமானார். பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த எத்தனையோ பெண்களின் பெயர்கள் அவர் தோண்டியதால் இன்று எங்களுக்குத் தெரிகின்றன.

அப்படியும் நிலைமை எளிதில் மாறவில்லை. பிரான்ஸில் அங்குலேம் என்ற நகரில் ஆண்டுதோறும் சித்திரக் கதைக்கான பெருவிழா நடந்து வந்தது. 2016 இல் அதன் உயர் விருதுக்கு 30 பேரின் பெயர்களை அறிவித்தார்கள். அதில் ஒரு பெண்கூட இல்லை. பெண் ஓவியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பட்டியலிலிருந்த ஆண்கள் பலரும் தங்கள் பெயரை எடுத்துவிடும்படி கேட்டனர். பின்னர் 2019 இல் ஜப்பானிய ஓவியர் ருமிகோ தக்காஹாஷிக்கும், 2022 இல் கனடாவின் ஜூலி டுசேக்கும் அந்த விருது கிடைத்தது. பேசாமலிருந்தால் பட்டியல் மாறாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஹிலரி சூட் என்ற பேராசிரியர் 2010 இல் ஐந்து பெண் ஓவியர்களைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். பெண்கள் தங்கள் உடலுக்கும் மனதுக்கும் நேர்ந்தவற்றை, சொல்லக் கூச்சப்படுபவற்றை, எப்படிக் கோட்டிலே கொண்டு வந்தார்கள் என்பதை அதில் விளக்குகிறார். அவர்களில் ஒருவர் ஈரான் நாட்டு மர்ஜானே சத்ரபி.

போரைக் கண்ட கண்கள்

உசாத்துணை நூல்களில் அடிக்கடி எதிர்ப்படும் சில பெயர்களை நான் ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். அவர்கள் எல்லோரும் ஏதோவொரு போரைக் கண்டவர்கள்.

மினே ஒகூபோ ஜப்பானிய வம்சாவளியில் வந்த அமெரிக்கப் பெண். இரண்டாம் உலகப் போரில், 1942 இல், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் 120,000 பேர் வரையில் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஒகூபோவைக் குதிரைப் பந்தயத் திடலொன்றின் லாயத்தில் தங்க வைத்தார்கள். முகாமுக்குள் கமரா வைத்திருக்கத் தடை. ஆகவே அவர் பென்சிலை எடுத்தார். வரிசையில் நிற்பது, மறைப்பில்லாத மலசலகூடம், மண் புயல் என்று எல்லாவற்றையும் வரைந்தார். 1946 இல் நூலாக வந்தபோது அதற்கு 'குடிமகன் 13660' என்று பெயர். அந்த எண் அவருடைய குடும்பத்துக்கு வழங்கப்பட்ட எண். செட்டிகுளத்து முகாம்களில் இலக்கத்தால் அழைக்கப்பட்ட எங்கள் சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கெய்ஜி நாக்கஸாவாவுக்கு 1945 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயது. தகப்பனையும் சகோதரங்களையும் இழந்தார். கர்ப்பிணியாயிருந்த தாய் அன்றே பிள்ளை பெற்றார். அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை. 1966 இல் தாய் இறந்து தகனம் செய்தபோது எலும்புகூட மிஞ்சவில்லையாம். அந்தக் கோபமே தம்மைக் குண்டைப் பற்றி வரைய வைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 'வெறுங்கால் கென்' 1973 இல் தொடராக வரத் தொடங்கியது.

மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 2000 ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு மொழியில் வந்தது. கோவை விடியல் பதிப்பகம் இதைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. ஈரான் - ஈராக் போர்க் காலத்தில் தெஹ்ரானில் வளர்ந்த சிறுமியின் கதை. அயல்வீட்டில் ஏவுகணை விழுகிறது. இடிபாட்டுக்கிடையே தன் தோழியின் கைவளையலைச் சிறுமி காண்கிறாள். அந்த அத்தியாயத்தின் கடைசிக் கட்டத்தில் படமே இல்லை, வெறும் கறுப்பு. அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியில் போய் நின்றேன். சொல்ல முடியாததைச் சொல்லாமலே விடவும் இந்தக் கலையில் இடமிருக்கிறது.

லெபனானில் 1981 இல் பிறந்த ஸெய்னா அபிராஷெட்டின் கதை பெய்ரூட்டில் ஒரே ஓர் இரவில் நடக்கிறது. ஷெல் அடியில் தாய் தகப்பன் சில தெருக்கள் தள்ளி அம்மம்மா வீட்டில் அகப்பட்டுக் கொள்ள, பிள்ளைகள் இருவரும் வீட்டின் பாதுகாப்பான ஒரே இடமான முன்கூடத்தில் காத்திருக்கிறார்கள். அயலவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். சமைக்கிறார்கள், பகிடி விடுகிறார்கள். பங்கருக்குள் தேத்தண்ணீர் ஊற்றிய எங்களுக்கு இது எவ்வளவு தெரிந்த இரவு!

பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுவது ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்'. ஹிட்லரின் வதை முகாமிலிருந்து தப்பிய தகப்பனின் கதை. யூதர்களை எலிகளாகவும் நாஸிகளைப் பூனைகளாகவும் வரைந்தார். இரண்டு பாகங்கள், 1986 இலும் 1991 இலும் வந்தன. 1992 இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது.

இதில் பலரும் அதிகம் பேசாத ஒரு விடயம் உண்டு. ஸ்பீகல்மனின் தாயும் அந்த முகாமிலிருந்து தப்பியவர். தம் அனுபவங்களைக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். அவர் தற்கொலை செய்து கொண்ட பிறகு, துயரம் தாங்காத கணவர் அந்தக் கொப்பிகளை எரித்துவிட்டார். மகன் தேடிக் கேட்டபோதுதான் அது தெரிய வருகிறது. உலகம் போற்றும் அந்த நூலில் தாயின் குரல் இல்லாமற் போனது அதனால்தான்.

இதை வாசித்தபோது எங்கள் வீடுகளில் இல்லாமற் போன கொப்பிகளை நினைத்தேன். இடம்பெயர்வுகளில் கைவிட்ட அல்பங்கள், மழையில் ஊறிய கடிதங்கள், பயத்தில் நாங்களே எரித்த நாட்குறிப்புகள். இழந்தவற்றை எண்ணி முடியாது.

வன்னியின் கதை

இப்போது சின்னம்மாவின் கேள்விக்கு வருவோம். 1001 கதைகளின் பட்டியல் 2011 இல் முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்த எதுவும் அதில் இராது. அதனால் 2019 இல் வெளிவந்த ஒரு நூலை அங்கே தேடிப் பயனில்லை. அந்த நூலின் பெயரே 'வன்னி'.

பென்ஜமின் டிக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளராகக் கிளிநொச்சியில் இருந்தவர். 2008 செப்ரெம்பரில் அந்த அமைப்பு வெளியேறியபோது, போக வேண்டாம் என்று சனங்கள் வாசலில் கூடி நின்று கேட்டதை அவர் நேரில் கண்டார். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க அவர் தேர்ந்தெடுத்த வழி சித்திரக் கதை. உயிர் தப்பியவர்களைச் சந்தித்துக் கதைத்து, ஓவியர் லின்ட்சி பொலொக்குடன் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். 2004 சுனாமியிலிருந்து 2009 வரையும் அதற்கு அப்பாலும், கரையோரக் கிராமமொன்றின் அயல்வீட்டுக் குடும்பங்களுக்கு நேர்வதைச் சொல்கிறது அந்த நூல். பலருடைய அனுபவங்களைச் சேர்த்துப் பாத்திரங்களை அமைத்ததால் சாட்சி சொன்னவர்களின் அடையாளம் வெளிப்படவில்லை.

ஆக, எங்கள் கதை வந்திருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், எங்கள் மேல் அன்பு கொண்ட வெளியாரின் கையால் எழுதப்பட்டது. அவருக்கு நன்றி சொல்வோம். அதே நேரம், பெர்செபோலிஸை சத்ரபி தாமே வரைந்தார், முகாமை ஒகூபோ தாமே வரைந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

சின்னம்மா வரைந்த வீடு

கனடாவிலிருக்கும் மச்சாளுக்கு என் கொப்பிப் பட்டியலை அனுப்பியிருந்தேன். அவர் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். கொரிய நாட்டுப் பெண் கும் சுக் ஜென்ட்ரி-கிம் வரைந்த 'காத்திருப்பு'. ஆங்கிலத்தில் 2021 இல் வந்தது. 1950 இல் கொரியப் போரில் சனங்கள் தெற்கு நோக்கி ஓடும்போது, ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுக்க ஒதுங்கிய இடத்தில் கணவனையும் மகனையும் கூட்டத்தில் தவற விடுகிறாள். எல்லை மூடப்படுகிறது. கிழவியாகும் வரை காத்திருக்கிறாள். ஓவியரின் சொந்தத் தாயும் அந்தப் போரில் தமக்கையைப் பிரிந்தவர்.

சின்னம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அன்றிரவு அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூட்டை முடிச்சுகளோடு சனங்கள் நடக்கும் படத்தில் விரலை வைத்தார்.

"இது பரந்தன் றோட்டெல்லோ?"

நான் பதில் சொல்லவில்லை. 2009 இல் தவறவிட்ட மகனின் ஒரு படம்கூட அவரிடம் இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் படம் கேட்கிறார்கள். அல்பம் மாத்தளன் மண்ணில் கிடக்கிறது.

சற்று நேரத்தில் பென்சில் கேட்டார். மின்சாரக் கட்டணப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு சதுரம் போட்டார். "இது வீடு." பக்கத்தில் ஒரு வட்டம். "கிணறு." பிறகு முருங்கை, பங்கர், சைக்கிள் சாத்தும் தூண். தூணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம், தலையும் கையும் காலும் கொண்ட வெறும் கோடுகள். "இதிலதான் நிப்பான்," என்றார். முகம் போடவில்லை. போடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அந்தத் துண்டை எந்த அலுவலகமும் படமாக ஏற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தூணைப் பற்றிச் சின்னம்மா ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அன்று ஒரு மணி வரை கதைத்தார். அவன் சைக்கிள் ஓடப் பழகிய நாள், விழுந்த நாள், எல்லாம். நான் எழுதிக் கொண்டேன்.

நாங்கள் செய்யக்கூடியது

வரையத் தெரியாதே என்று சொல்லாதீர்கள். அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் 'பீமாயணம்' நூலை 2011 இல் வரைந்தவர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். கோண்ட் பழங்குடியினர். அவர்களது பெண்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் கோலங்களிலிருந்தே அந்தக் கலை வளர்ந்தது. கட்டம் கட்டிப் பாத்திரங்களை அடைக்க விரும்பாமல் கோலக் கோடுகளாலேயே பக்கத்தைப் பிரித்தார்கள். அந்த நூலும் தமிழில் கிடைக்கிறது. கோலம் போடும் கை எங்களிடமும் உண்டு.

ஓர் ஏ4 தாளை மூன்று தரம் மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் வரும். ஒரு நாளை, ஓர் இடத்தை, ஒரு பொருளை எடுத்துக் கொள்ளுங்கள். முழுப் போரையும் ஒரு தாளில் சொல்ல வேண்டியதில்லை. குச்சி மனிதர்கள் போதும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். எழுதக் கஷ்டமானால் நீங்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும்.

சில கவனங்களும் வேண்டும். மற்றவர்களின் உண்மைப் பெயரையும் முகத்தையும் அவர்கள் சம்மதமின்றிப் போட வேண்டாம். எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்றில்லை, உங்களுக்காக மட்டும் வரைந்து வைத்திருக்கலாம். வரையும்போது நெஞ்சு இறுகினால், நித்திரை குழம்பினால் நிறுத்துங்கள், நம்பிக்கையான ஒருவரோடு கதையுங்கள், வேண்டுமானால் மனநல ஆலோசகரை நாடுங்கள். யாரும் வற்புறுத்தி வரைய வைக்கக் கூடாது. வரைந்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் கைத்தொலைபேசியில் படமெடுத்து நம்பகமான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். எரிந்துபோன அந்தத் தாயின் கொப்பிகளிலிருந்து நாங்கள் படிக்கும் பாடம் இது.

வாசிக்க விரும்புபவர்கள் கொழும்புப் பொது நூலகத்திலும் வெள்ளவத்தை தமிழ்ச் சங்க நூலகத்திலும் விசாரித்துப் பாருங்கள். பழைய சிரித்திரன் இதழ்கள் பலவற்றை நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் ஊர் மாதர் சங்கத்தில் ஒரு தட்டை இந்தப் புத்தகங்களுக்கு ஒதுக்கலாம். எழுத்தறிவு குறைந்த அம்மாமாரும் சேர்ந்திருந்து பார்க்கக்கூடிய புத்தகங்கள் இவை.

சின்னம்மா ஊருக்குப் போகும்போது அந்தப் பற்றுச்சீட்டை மடித்து கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டார். அடுத்த மாதம் வரும்போது பெரிய தாளும் கலர்ப் பென்சிலும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். கிணற்றடி வாழைக்குப் பச்சை வேண்டுமாம்.